விளாங்குடிக்குப் போன டிரம்

டிரம் எனக்கு முன்பே கப்பலேறி மதுரைக்குப் போய்விட்டது. பின்னாலேயே நான் போய், அதை ஓட்டிப் பார்த்து, பத்திரமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் எனக்கு இட்ட வேலை.

நான் பினாங்கில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் ராட்டினங்களைப் பராமரிக்கும் பொறியாளர். எங்களிடம் பல வருடங்கள் ஓடிய அந்த டிரம்மை, விளாங்குடி தாண்டித் திண்டுக்கல் சாலையில் புதிதாகப் பூங்கா வைத்திருக்கும் தவமணி என்பவர் வாங்கியிருந்தார். "போ தேவகி. சுற்றிக் காட்டு, நன்றாகச் சாப்பிடு, திரும்பி வா" என்று என் மேலாளர் லிம் ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பினார். அவரைப் பொறுத்தவரை எல்லாப் பயணமும் சாப்பாட்டுக்குத்தான்.

டிரம் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு வட்டக் கிணற்றைப் பெயர்த்துத் தரைக்கு மேலே தூக்கி வைத்தது போல இருக்கும். உள்ளே போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்க வேண்டும். டிரம் சுற்றத் தொடங்கும். வேகம் ஏறியதும் காலுக்குக் கீழே இருக்கும் தரை மெல்ல இறங்கிவிடும். நிற்பவர்கள் இறங்க மாட்டார்கள். பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றுவார்கள். பெல்ட் கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது.

மாட்டுத்தாவணியில் இறங்கியபோது வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் அறிவிப்புப் பலகை பேசும். ஆட்கள் சும்மா இருப்பார்கள். இங்கே பலகையை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு பஸ்ஸின் படியிலும் ஒருவர் நின்றுகொண்டு ஊர்ப் பெயரை மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கடையில் போய், "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"சாப்பிடவாக்கா?"

"ஆமா, சாப்பிட."

"அப்படிக் கேளுங்க" என்று சொல்லி இலையைப் போட்டார். நான்கு விதச் சட்னியோடு இட்லி வந்தது. பினாங்கில் நான் போகும் கடையில் சாம்பார் ஒன்றுதான் கிடைக்கும். அதிலும் கொஞ்சம் சர்க்கரை தட்டுப்படும். இங்கே மிளகாய்ச் சட்னி கண்ணில் நீர் வரவைத்தது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன்.

விளாங்குடி போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு அம்மா மல்லிகைப்பூக் கூடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சீட்டின் ரெக்சின் தேய்ந்து தேய்ந்து கண்ணாடி போலாகியிருந்தது. கோரிப்பாளையம் பக்கம் ஒரு வளைவில் டிரைவர் வேகத்தைக் குறைக்காமல் திருப்ப, நான் வழுக்கிக்கொண்டே போய்க் கூடையின் மேல் விழுந்தேன்.

"கம்பியப் புடிச்சுக்கம்மா. இவன் வளைவுல பிரேக்கே போட மாட்டான்" என்றார் அந்த அம்மா, பூவைத் தட்டிச் சரிசெய்துகொண்டே.

வெட்கமாக இருந்தது. நான் சம்பளம் வாங்குவதே இந்தப் பாடத்துக்காகத்தான். பஸ் திரும்புகிறது, என் உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது. என்னையும் சேர்த்துத் திருப்ப வேண்டியது சீட்டின் பிடிப்பு. துணி சீட்டாக இருந்தால் திருப்பியிருக்கும். வழவழத்த ரெக்சினுக்கு அந்தச் சக்தி இல்லை. என் மேல் மல்லிகை வாசம் அன்று முழுக்க இருந்தது.

தவமணி நிறுத்தத்துக்கே பைக்கில் வந்து காத்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர். எழுமலைப் பக்கம் விவசாயக் குடும்பம். மதுரைக்கு வந்து டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்து, இப்போது பூங்கா. ஊஞ்சல்கள், சின்ன ரயில், குழந்தைகள் சுற்றும் குதிரைகள் எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. டிரம்தான் பெரிய ஐட்டம். வரும் ஞாயிற்றுக்கிழமை திறப்பு என்று ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பைக்கில் போகும்போதே அந்த ஆட்டோ எதிரே வந்தது. "தரை இல்லாமல் நிற்கலாம், வாருங்கள்" என்று ஒரு குரல். தவமணி பைக்கை நிறுத்தி முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

அவருடைய மனைவி சுகந்திதான் டிரம்முக்குள் மேலிருந்து பார்க்கும் கட்டுப்பாட்டு மேசையில் உட்காரப் போகிறவர். கேள்வி கேட்பதற்குக் கூச்சப்படாத பெண். வந்தவுடன் அவரிடம் பேசியதில் எனக்குத் தெம்பு வந்தது. பிறகு டிரம்முக்குள் நுழைந்தேன்.

உள்சுவர் முழுக்க மஞ்சள். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் எனாமல் பெயிண்ட். நடு நடுவே பெரிய சூரியகாந்திப் பூக்கள்.

"எப்படி மேடம் இருக்கு?" என்றார் தவமணி. "வந்து இறங்குனப்ப உள்ள ஒரே கருப்பு, பார்க்கவே சகிக்கல. நாந்தேன் கூடவே நின்னு அடிக்க வச்சேன். மூணு கோட்டு."

கையை வைத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது. அந்தக் கருப்பு என்பது ரப்பர். அதில் நெருக்கமாக வரிகள் இருக்கும். உடுப்பைக் கவ்விப் பிடிப்பது அதுதான். மூன்று கோட்டில் எல்லா வரியும் நிரம்பியிருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "அழகா இருக்குண்ணே. நாளைக்கு ஓட்டிப் பார்த்துட்டுப் பேசுவோம்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மணல் நிரப்பிய சாக்கு மூட்டைகளைச் சுவரோரம் நிறுத்தி ஓட்டினோம். வேகம் ஏறியது; தரை இறங்கியது; மூட்டைகள் அசையவில்லை. வேலைக்காரர்கள் கைதட்டினார்கள்.

"நிக்குதுல்ல மேடம்?" என்றார் தவமணி.

"சாக்கு சொரசொரன்னு இருக்குண்ணே. மனுசங்க சாக்கு கட்டிட்டு வரமாட்டாங்க. நான் ஏறுறேன்."

அன்று நான் பாலியெஸ்டர் சுடிதார் போட்டிருந்தேன். தரையை முழங்கால் உயரத்துக்கு மேல் இறக்க வேண்டாம் என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். டிரம் சுற்றியது. பஸ்ஸில் நடந்ததுதான் இங்கும். என் உடம்பு நேராக ஓடப் பார்க்க, சுவர் அதை உள்பக்கமாகத் தள்ளித் தள்ளித் திருப்புகிறது. சுவர் தள்ளத் தள்ள முதுகு அதில் அழுந்துகிறது. அழுந்துவதால் உரசல், உரசலால் பிடிப்பு. தரை விலகியபோது ஓரிரு சுற்று நின்றேன். பிறகு முதுகுக்குப் பின்னால் ஏதோ அவிழ்ந்தது போலிருந்தது. சுவரோடு அழுந்தியபடியே கீழே சறுக்கினேன். பிடிக்க எதுவும் இல்லை. கால் தரையில் ஒரு பக்கமாக இறங்க, கணுக்கால் மடங்கி, முழங்கை சூரியகாந்தியில் தேய்ந்தது.

சுகந்தி உடனே நிறுத்திவிட்டார். நான் நொண்டிக்கொண்டு வெளியே வந்தபோது தவமணி நின்ற இடத்திலேயே நின்றார். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் துளிர்த்திருந்தது. முழு உயரத்துக்குத் தரையை இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மெதுவாகக் கேட்டார். "ஸ்பீடக் கொஞ்சம் கூட்டுனா நின்னுருவாங்கள்ல?"

அது முட்டாள்தனமான கேள்வி அல்ல. வேகம் கூடினால் சுவர் இன்னும் அழுத்தும், பிடிப்பும் கூடும். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். நெஞ்சை விரித்து மூச்சு இழுக்க முடியாது, தலை சுற்றும், சிலர் மயங்குவார்கள். டிரம்மின் இரும்பும் அதற்காகச் செய்ததல்ல. சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"அப்ப பெயிண்ட எடுக்கணும்."

"எடுக்கிற மருந்து ரப்பரையும் தின்னுரும்ணே. புது ரப்பர் ஒட்டணும். அதுவரைக்கும் திறக்கக் கூடாது."

"மைக் போட்டாச்சு மேடம்" என்றார். எழுந்து போய்விட்டார்.

லிம்மிடம் போனில் சொன்னேன். மறுமுனையில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. "மோட்டார் ஓடுகிறதா? ஓடுகிறது. பிரேக் பிடிக்கிறதா? பிடிக்கிறது. பெயிண்ட் அடித்தது அவர்கள். உன் வேலை முடிந்தது, கிளம்பு" என்றார்.

"முடியவில்லை லிம். நான் இன்று அதில் வழுக்கி விழுந்தேன்."

"அடிபட்டதா?" என்று கேட்டார். பிறகு, "பழைய மாதிரி ரப்பர் இங்கிருந்து வர இரண்டு மாதம் ஆகும்" என்றார். இரண்டு மாதத்தில் பள்ளி விடுமுறையே முடிந்துவிடும். தவமணியின் பூங்கா அந்த விடுமுறையை நம்பித்தான் இருந்தது.

அன்று மாலை சுகந்தி பரோட்டா வாங்கி வந்தார். எங்கள் ஊர் ரொட்டி சானாய் இதற்குத் தம்பி முறை. அதை நாங்கள் பருப்பில் தொட்டுக்கொண்டு நாசூக்காகத் தின்போம். இங்கே பிய்த்துப் போட்டுச் சால்னாவில் ஊறவைத்துப் பிசைந்து அடிக்கிறார்கள். சுகந்தி எனக்கும் பிசைந்தே வைத்துவிட்டார். கை வலிக்கிறதே என்று. தவமணி சாப்பிட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. குடும்பம் குடும்பமாக, வேன் பிடித்துக்கூட வந்திருந்தார்கள். தவமணி என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அவருடைய இடம், அவருடைய டிரம். நான் ஊரைவிட்டுக் கிளம்பினால் அவரைத் தடுக்க ஆளில்லை. ஆனால் அவர் டிரம்மின் படிக்குக் குறுக்கே கயிற்றைக் கட்டினார். கட்டிவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டார்.

"திறக்கலேன்னா எதுக்குங்க மைக் போட்டீக?" என்று ஒருவர் கேட்டார்.

"தப்புதேன். மன்னிச்சுக்கங்க" என்றார் தவமணி. "ஓட்டிப் பார்த்தோம். எந் தங்கச்சியே உள்ள வழுக்கி விழுந்துருச்சு. கையப் பாருங்க. உங்க பிள்ளைகள நான் எப்படி ஏத்துறது?"

எல்லோரும் என் முழங்கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார்கள். அதுவரை நான் மேடமாகத்தான் இருந்தேன். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே ரயில் பக்கமும் ஊஞ்சல் பக்கமும் கலைந்தது. கொஞ்சம் பேர் திரும்பிப் போய்விட்டார்கள்.

திறப்பு விழாவுக்காக எழுமலையிலிருந்து தவமணியின் அக்கா பாண்டியம்மாள் வந்திருந்தார். ஐம்பதைத் தொட்டவர், நல்ல பருமன். ஆள் வரும்போதே நாட்டுக்கோழிக் குழம்பின் வாசமும் வந்தது. ஒரு பெரிய தூக்குச்சட்டி நிறைய. வேப்பமர நிழலில் பாய் விரித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் படியருகே தவமணி ஒரு பலகை மாட்டியிருந்தார்: அதிகக் கனம் உள்ளவர்கள் ஏறக் கூடாது.

"இது எனக்குப் போட்ட போர்டா தம்பி?" என்று சிரிக்காமல் கேட்டார்.

"பொதுவாப் போட்டதுக்கா. கனமா இருந்தா வழுக்கிரும்ல."

"இல்லண்ணே" என்றேன். "இதுல கனத்துக்கு வேலையே இல்ல."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த விதத்தில் சொன்னேன். "அக்காவைப் பூமி கீழ இழுக்குறது என்னை இழுக்குறத விட அதிகம்தான். ஆனா அம்புட்டு உடம்பையும் வளைச்சுத் திருப்ப, சுவர் அக்காவை அதே அளவுக்கு அதிகமா அழுத்தும். அழுத்தம் கூடுனா பிடிப்பும் கூடும். இழுப்பு ரெண்டு மடங்குன்னா பிடிப்பும் ரெண்டு மடங்கு. சரிக்குச் சரியாப் போயிரும். வேகம், சுவரோட சொரசொரப்பு, என்ன துணி உடுத்தியிருக்கோம், இதுதான் கணக்கு. ஒல்லிப் பொண்ணு பட்டுச்சேலையில வழுக்குவா, அக்கா நூல்சேலையில நிப்பாங்க."

நான் "அம்புட்டு" என்றதை சுகந்தி கவனித்துச் சிரித்தார். பாண்டியம்மாள் சிரிக்கவில்லை.

"ஒரு பொருட்காட்சியில ராட்டினத்துல ஏறி உக்காந்துட்டேன்" என்றார், சோற்றைப் பிசைந்தபடி. "கம்பி பூட்ட முடியல. எல்லாரு முன்னாடியும் எறக்கி விட்டுட்டான். மருமகளுக பாத்துட்டு நிக்காளுக. அதுக்கப்புறம் எதுலயும் ஏறல."

"கம்பி பூட்டுற ராட்டினத்துல அவங்க இறக்கிவிட்டது சரிதான்கா. அதுல கனம் முக்கியம். இதுல கம்பியே கிடையாது."

"அப்ப நான் ஏறலாம்."

"சுவர் சரியானதும் ஏறலாம். நெஞ்சுவலி, பிரஷர் ஏதும் இருக்கா?"

"ஒண்ணும் கெடையாது. முட்டி மட்டும் வலிக்கும்."

தவமணி எழுந்து போய் அந்தப் பலகையைக் கழற்றினார்.

பாண்டியம்மாள் என் முழங்கையைப் பார்த்துவிட்டு, என்னை எழுமலைக்குக் கூட்டிப் போவதாக முடிவு செய்துவிட்டார். "சும்மா இந்தத் தகரத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தா ரப்பர் வந்துருமா? கெளம்பு தாயி." மறுத்துப் பார்த்தேன். என் பையை அவரே தூக்கிக்கொண்டார்.

செக்கானூரணி தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. ஏதோ பெல்ட் அறுந்துவிட்டதாம். எங்கள் ஊரில் இப்படி ஆனால் எல்லோரும் தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டு அவரவர் தனியாகக் காத்திருப்போம். இங்கே பஸ்ஸே ஒரு வீடாகிவிட்டது. ஒருவர் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி எல்லோருக்கும் நீட்டினார். இரண்டு பேர் டிரைவருக்கு யோசனை சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. அடுத்த பஸ் வந்து எங்களை ஏற்றிக்கொள்வதற்குள் பாண்டியம்மாள் என் கதையைப் பாதி பஸ்ஸுக்குச் சொல்லி முடித்திருந்தார். "மலேசியாவுல இருந்து வந்து நம்மூர்ல வழுக்கி விழுந்துருச்சு" என்று.

எழுமலையில் மேற்கே மலை வரிசை. அதற்கு இந்தப் பக்கம் தோட்டங்கள். பாண்டியம்மாள் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் கறவை மாடுகள். காலையில் அவர் மாடுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது டீ கேட்டுப் போனேன். தரை முழுக்கத் தண்ணீர், சாணம், நுரை. இன்னும் வலிக்கிற கணுக்காலோடு பயந்து பயந்து ஒரு எட்டு வைத்தேன். வழுக்கவில்லை. இன்னொரு எட்டு. கால் பதிந்து நின்றது.

குனிந்து பார்த்தேன். மாட்டுக்குக் கீழே கருப்பு ரப்பர் பாய். மேலே சின்னச் சின்ன மொட்டுகளும் வரிகளும்.

"சிமெண்டுத் தரையில மாடு வழுக்கி விழுந்து தொடை பிசகிப் போகும். அதுக்குப் போட்டது" என்றார் பாண்டியம்மாள்.

"இது எங்கக்கா கிடைக்கும்?"

"உசிலம்பட்டியில. ஏன், உங்கூர்ல மாடு வச்சிருக்கியா?"

கொட்டகை மூலையில் ஒரு பழைய பாய்த் துண்டு கிடந்தது. அதைக் கழுவிக் காயவைத்து ஒரு பலகையில் கட்டினேன். ஒரு செங்கல்லை எடுத்து அவருடைய நைலான் சேலையில் சுற்றி அதன் மேல் வைத்தேன். பலகையின் ஒரு பக்கத்தை மெதுவாகத் தூக்கினேன். எவ்வளவு சரிவில் கல் வழுக்குகிறதோ அவ்வளவுதான் பிடிப்பு. உரசலை அளக்க இதைவிட எளிய வழி கிடையாது. தூக்கினேன். இன்னும் தூக்கினேன். பலகை வீட்டுக்கூரை போலச் சாய்ந்த பிறகுதான் கல் நகர்ந்தது. பட்டுச்சேலை சுற்றிப் பார்த்தேன், வேட்டி, என் சுடிதார் எல்லாம் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் பாண்டியம்மாளின் பீரோ பாதி காலியாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஆட்கள் வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் பாயை நனைத்துவிட்டு முயன்றேன், வியர்வைக்காக. கொஞ்சம் குறைந்தது. அப்போதும் எங்களுக்கு வேண்டியதைவிட நிறையவே இருந்தது.

தவமணிக்குப் போன் செய்தேன். "மாட்டுக்குப் போடுறதா?" என்று கேட்டார். பிறகு, "வண்டியெடுத்துட்டு வாரேன்" என்றார்.

உசிலம்பட்டிக் கடையில் பெரிய மாடுகளுக்கான தடித்த பாய் இருந்தது. அது டிரம்முக்குப் பாரம். கன்றுக்குட்டிகளுக்கென்று மெல்லிய வகை இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். லிம்முக்கு எடையை அனுப்பினேன். அவர் திட்டிக்கொண்டே மோட்டாருக்கும் பேரிங்குக்கும் கணக்குப் போட்டு, தாங்கும் என்று பதில் அனுப்பினார். கூடவே எத்தனை போல்ட், எங்கெங்கே என்று ஒரு படமும். "மாட்டுப் பாயா?" என்று கீழே எழுதியிருந்தார்.

பாய்களைச் சின்ன லோடு வண்டியில் அடுக்கிக்கொண்டு திரும்பினோம். ஒரு வளைவில் எதிரே ஆட்டுக்கூட்டம் வர, டிரைவர் வெடுக்கென்று திருப்பினார். பின்னால் கட்டியிருந்த கயிறு பட்டென்று அறுந்தது. தவமணி பதறி இறங்கி ஓடினார். நானும் நொண்டிக்கொண்டு போனேன். ஒரு பாய்கூட நகரவில்லை. அடுக்கியது அடுக்கியபடி இருந்தது. தவமணி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையால் மேல் பாயைத் தள்ளிப் பார்த்தார். அந்த வாரத்தில் அவர் முதன்முறையாகச் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு வேலை. சூரியகாந்திகளைச் சுரண்டி, பாய்களை வெட்டி, பசை போட்டு, போல்ட்டின் தலை ரப்பருக்குள் புதையும்படி முடுக்கினோம். ஒரு பக்கம் ஒரு துண்டு ஏறினால் நேரெதிர்ப் பக்கமும் ஒரு துண்டு ஏற வேண்டும். இல்லாவிட்டால் சுற்றும்போது டிரம் ஆடும். சுகந்தி இதைப் பிடித்துக்கொண்டார். யாராவது வரிசையாக மாட்டப் போனால், "எதுத்தாப்புல, எதுத்தாப்புல" என்று அதட்டுவார். நான் விமானத்தைத் தள்ளிப் போட்டேன். லிம் முனகினார், மறுக்கவில்லை. மதியம் வெயிலில் யாரோ பருத்திப்பால் வாங்கி வந்தார்கள். சுக்கும் கருப்பட்டியுமாகத் தொண்டையில் இறங்கியபோது, எங்கள் ஊர்ப் பால் தேநீரான தே தாரிக்கை நான் கொஞ்ச நேரம் மறந்தேன்.

சோதனைக்கு மணல் மூட்டைகளுக்கு நைலான் சேலை சுற்றினோம். ஓடும் வேகத்தில் நின்றன. வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னேன். எந்த வேகத்தில் வழுக்கத் தொடங்குகிறதென்று தெரிந்தால்தான் பாதுகாப்புக்கு எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறதென்று தெரியும். நிறைய இருந்தது. அப்புறம் அதே சுடிதாரோடு நான் ஏறினேன். தரை முழுதாக இறங்கியது. என் முதுகு நின்ற இடத்திலேயே நின்றது. சுகந்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டைவிரலைத் தூக்க முயன்றேன், கை கனத்தது, ஆனாலும் தூக்கினேன்.

"இனி ஏத்தலாம்ணே" என்றேன் இறங்கி வந்து.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி மைக் போகவில்லை. தவமணிக்கு அதில் கூச்சமாகிவிட்டது. ஆனாலும் கூட்டம் வந்தது. போன வாரம் திரும்பிப் போனவர்களே, "ஏத்த மாட்டேன்னு சொன்னாருல்ல, அந்த ஆளு இப்ப ஏத்துறாராம்" என்று சொல்லி இன்னும் சிலரைக் கூட்டி வந்திருந்தார்கள்.

முதல் சுற்றில் பாண்டியம்மாள். நூல்சேலை கட்டி, முந்தானையை இழுத்துச் செருகி, கொசுவத்துக்கு ஊக்குக் குத்தி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். மருமகள்கள் இருவரும் வெளியே, டிரம்மைச் சுற்றி மேலே இருந்த நடைபாதையில் நின்று எட்டிப் பார்த்தார்கள். சிலர் அவரைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். கணக்கை நூறு முறை போட்டிருந்தேன். கணக்கு வேறு, தெரிந்த ஒருவர் அங்கே நிற்பது வேறு.

சுற்றியது. பாண்டியம்மாள் கண்ணை இறுக மூடியிருந்தார். தரை இறங்கியது. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண், குச்சி மாதிரி இருப்பாள், அவளும் நின்றாள். இந்தப் பக்கம் ஒரு கொத்தனார் நின்றார். நடுவில் பாண்டியம்மாள் நின்றார். எல்லோருடைய பாதங்களும் ஒரே உயரத்தில், காற்றில்.

அவர் கண்ணைத் திறந்தார். கீழே பார்த்தார். தரை எங்கேயோ இருந்தது. பிறகு நிமிர்ந்து மேலே மருமகள்களைத் தேடினார். சுற்றிச் சுற்றி ஒவ்வொரு முறை அவர்களைக் கடக்கும்போதும் அவருடைய முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. மூத்த மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது.

இறங்கி வந்தவர் தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். தவமணி ஓடி வந்து, "என்னக்கா, எப்படியிருக்கு?" என்றார்.

"நின்னுட்டேன்டா" என்றார் பாண்டியம்மாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "கூட்டம் கொறஞ்சதும் இன்னொருக்கா ஏத்திவிடு" என்றார்.

மறுநாள் எனக்கு விமானம். அன்று மாலை, கடைசிச் சுற்றில் இடம் இருந்தது. சுகந்தி மேசையிலிருந்தே, "நீங்க ஏறுங்க, இன்னிக்கு வேலைக்கு இல்ல, சும்மா" என்றார். ஏறினேன். எனக்குப் பக்கத்தில் சமயநல்லூர் அம்மா ஒருவர், கணவரோடு வந்திருந்தார். டிரம் வேகமெடுத்தது. தரை போனது. மேலே வட்டமாக வானம், சுற்றி முழுக்க ஆட்களின் முகங்கள். யாரோ கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ விடாமல் சிரித்தார்.

பக்கத்து அம்மா தலையைத் திருப்ப முடியாமல், நேராகப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார். "நீங்க எந்த ஊரும்மா?"

"பினாங்கு."

"அது எங்குட்டு இருக்கு?"

கையை எடுத்துக் காட்டப் பார்த்தேன். சுவர் கையை விடவில்லை. விட்டிருந்தாலும், கிழக்கு என்று நான் நினைத்த பக்கம் நினைத்து முடிப்பதற்குள் மேற்காகி, மறுபடி கிழக்காகிக்கொண்டிருந்தது.

"தரை வரட்டும்மா, காட்டுறேன்" என்றேன்.

"சரிம்மா. அவசரமில்ல" என்றார் அவர்.